ஆற்றுக்குப் போகாத தலையணை

அம்மா,

இந்தத் தலையணையில் உன் வாசனை என்று எதுவும் இல்லை. என் தலையெண்ணெய் வாசனைதான் அடிக்கிறது. ஆனாலும் உள்ளே இருப்பவை உன் சேலைகள். பக்கத்தில் அத்தை தூங்குகிறாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவள் புரளும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன்.

நீ போன பிறகு அத்தை வள்ளியூரிலிருந்து வந்தாள். அன்றிலிருந்து வீடு அறை அறையாகக் காலியாகிறது. "இம்புட்டுச் சாமானையும் பாத்துக்கிட்டே இருந்தா ஒங்க அப்பனுக்கு எப்படிட்டி மனசு ஆறும்?" என்கிறாள். முதலில் அடுக்களை. நீ கழுவிச் சேர்த்துவைத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள், கதவுக்குப் பின்னால் பைக்குள் பையாகத் தொங்கிய கேரி பேக்குகள், மூடியில்லாத தூக்குச்சட்டி எல்லாம் போய்விட்டன. உனக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அடுக்களை பெரிதாகத் தெரிந்தது.

டப்பாக்களையும் அத்தை சரிசெய்தாள். நீ 'உப்பு' என்று எழுதி ஒட்டிய டப்பாவில்தான் எப்போதும் சீனி இருக்கும். கேட்டால், "எறும்பு வாசிச்சுப் பாத்துட்டுப் போயிரும்லா?" என்பாய். அத்தை அதில் உப்பையே கொட்டிவைத்தாள். மறுநாள் காலையில் அப்பா எழுந்து, பழக்கத்தில் அந்த டப்பாவைத் திறந்து காபி போட்டுக் குடித்தார். "நல்லாருக்கா, லே?" என்று அத்தை கேட்டதற்கு, "ம்" என்றார். தம்ளரைக் கழுவப் போனபோது அடியில் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் மாதிரி இருந்தது.

அடுத்து உன் பீரோ. சேலை, பாவாடை, நைட்டி எல்லாம் ஒரே மூட்டை. நாளை பாபநாசம் போய் ஆற்றில் விடப்போகிறார்கள். "செத்தவ துணி வீட்டுல கெடந்தா அவ காலு இங்கனயேதான் சுத்தும். போற எடத்துக்குப் போவ மாட்டா" என்று அத்தை சொன்னாள்.

ஆறு துணியைக் கொண்டுபோவதில்லை அம்மா. போன வருஷம் அதே ஆற்றைச் சுத்தம் செய்ய எங்கள் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். படித்துறைக்குச் சற்றுக் கீழே, பாறை இடுக்குகளில் சேலைகள் பாசி பிடித்துக் கிடந்தன. கம்பால் குத்தி இழுத்தோம். ஒரு பச்சைச் சேலையை இழுக்கும்போது எல்லோரும் சிரித்தோம், நானும்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் நீ முதலில் என்னைக் குளிக்கச் சொன்னாய்.

இன்று என் அறையின் முறை. பழைய பாடப் புத்தகங்களும் சின்னதாகிப்போன சீருடையும் போனதில் எனக்கு ஒன்றுமில்லை. பிறகு அத்தை தலையணையை எடுத்து அமுக்கினாள். "என்னட்டி இது, அம்மிக்கல்லு மாதிரி இருக்கு? உள்ள என்ன வச்சுத் தச்சிருக்கா?"

"பஞ்சுதான் அத்தை" என்றேன்.

"எதுவானாலும் அவ கைபட்ட படுக்கை. நாளைக்கு மூட்டையோட போவட்டும்" என்று வாசலில் மூட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அப்பாவிடம் புதிது வாங்கிவரச் சொன்னாள்.

நீ அதைத் தைத்த மத்தியானம் எனக்கு நினைவிருக்கிறது. கிழிந்த சேலைகளை மடித்து மடித்துத் திணித்தாய். கனமாக இருக்கிறது, கழுத்து வலிக்கும் என்று நான் சிணுங்கினேன். "ஏட்டி, நான் ஏசுனா நீ எங்க போயி அழுவ? தலகாணியிலதான? எங்கிட்டக் கோவிச்சாலும் எம்மேலதான் வந்து படுக்கணும்" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்தாய். அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் அதைக் கேட்டாரா என்று எனக்கு இன்று சாயங்காலம் வரை தெரியாது.

சாயங்காலம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா புதுத் தலையணையோடும் புது உறையோடும் வந்தார். வாசலில் உட்கார்ந்து, பழையதன் பூப்போட்ட உறையைக் கழற்றிப் புதிய தலையணைக்குப் போட்டார். அதை மூட்டைக்குள் வைத்தார். உன் சேலைத் தலையணைக்குப் புது உறையை மாட்டி என்னிடம் நீட்டினார்.

"அத்தை கேட்டா?"

"புதுசுன்னு சொல்லு."

"அமுக்கிப் பாத்தா?"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நான் ஏச்சு வாங்கிக்கிடுதேன். நீ பேசாம இரு."

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "அப்பா, அம்மா காலு இங்கனயே சுத்துமா?"

அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "சுத்துனா சுத்தட்டும். அவளுக்குத் தெரியாத வீடா?" என்றார்.

உன்னைப் பிடித்துவைத்திருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. போக வேண்டுமானால் நீ போ. ஆனால் பாறையில் மாட்டிக்கொள்ள உன்னை முழுதாக அனுப்ப என்னால் முடியாது. நாளைக்குப் போகிற மூட்டையை யாரோ பிள்ளைகள் கம்பால் இழுப்பார்கள். தலையணை கிழிந்தால் கடைப் பஞ்சுதான் வெளியே வரும். இந்தச் சேலைகளைப் பார்த்து மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அத்தையின் கை இப்போது தலையணை ஓரத்தில் விழுந்து கிடக்கிறது. விடியும்வரை அது அமுக்காமல் இருக்க வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டு உன் மேல்தான் படுக்கப்போகிறேன். நாளைக்குக் கழுத்து வலிக்கும்.