ரொட்டி அடுப்பு இருந்த இடம்

வின்னல்,
மெழுகுவர்த்தித் திருநாள், 1827

மகள் லெட்டிக்கு,

அப்பன் ஏபெல் சொல்லச் சொல்ல, கொல்லன் பெண்டாட்டி ரோடா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் இந்தக் குளிரில் என் பேச்சைக் கேட்பதில்லை. கோயில் சந்து வேலியைப் பின்னிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்தது. பன்றியை அடித்து உப்புப் போட்டாயிற்று. உன் பங்குத் துண்டு புகைபோக்கிக்குள் தொங்குகிறது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

அக்டோபரில் ஜெம்மின் வழக்கு முடிந்த அன்று ஹன்னம் வண்டியில் ஏறிப் போனவள் நீ. சாப்பிடாமல் போனாய், திரும்பியும் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு வரி இல்லை. போகட்டும்.

நேற்று கொல்லன் பட்டறையில் ஹன்னம் எல்லார் முன்னாலும், "ஏபெலு, மார்ல்கோம் பால்பண்ணையில உன் மகளோட ஏப்ரன் கயிறு மாசாமாசம் மேல ஏறுதே" என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரித்திருந்தால் பரவாயில்லை.

உண்மையா இல்லையா என்று நீ சொல். என் வீட்டுச் செய்தியை வண்டிக்காரன் வாயால் கேட்கிற நிலைமையை எனக்கு வைக்காதே.

அப்பன்,
ஏபெல் லோடர்
(சிலுவைக் குறி அவரே போட்டது. ரோடா)


மார்ல்கோம் பால்பண்ணை,
பிப்ரவரி 19

ஏபெல் லோடர் அவர்களுக்கு,

உண்மைதான். ஜெம்மின் பிள்ளை. ஈஸ்டர் தாண்டிப் பிறக்கும். அங்கிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் அப்போது கப்பலில் இருந்தான், இன்னும் அவனுக்குத் தெரியாது.

பிள்ளை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊர்தான் அதற்குச் சோறு போட வேண்டும் என்பதால், ஏழைகளுக்குப் படியளக்கிற இந்த ஊர்க் கண்காணி என்னைத் தூங்க விடுவதில்லை. பக்கத்து ஊர் ஓபெட் கிழவனைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போய்விடு, மோதிரம் நாங்கள் வாங்கித் தருகிறோம் என்கிறார். ஓபெட்டுக்குப் பல் இல்லை, பகலிலேயே குடி. பால் கறந்துகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, "பொண்ணு கை சுத்தமாத்தான் இருக்கு" என்று கண்காணியிடம் சொன்னான், சந்தையில் மாடு பார்க்கிறவனைப் போல. மாட்டேன் என்றால் நிறைமாதத்தில் வண்டியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்களாம்.

நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னிக்க எனக்கும் ஒன்று இருக்கிறது. பிரபுவின் காட்டில் எடுத்த கண்ணியை நீதிவான் தூக்கிக் காட்டி, இது யார் போட்ட முடிச்சு என்று கேட்டார். "ஜெம் போடறதுங்க. அவங்கப்பனும் இப்படித்தான், இடது கையால சுத்துவான்" என்றீர்கள். ஒரு முயலுக்காக ஏழு வருஷத் தண்டனையில் கடல் தாண்டிப் போனான். ஊரில் எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற நீங்கள், ஒரே ஒரு தடவை ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

கட்டிலை எங்கே போடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

லெட்டி


வின்னல்,
மார்ச் முதல் வாரம்

மகள் லெட்டிக்கு,

வா. ஹன்னத்திடம் சொல்லிவிட்டேன். வைக்கோல் நிறையப் போட்டு, மெதுவாக ஓட்டி வருவான். வழியில் அவன் வாயைத் திறந்தால் நீ இறங்கி நட.

முடிச்சைப் பற்றி எழுதியிருக்கிறாய். வேதப் புத்தகத்தை முத்தமிட்ட பிறகு கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். இந்த வரியை அடித்துவிடட்டுமா என்கிறாள் ரோடா. வேண்டாம், இருக்கட்டும்.

இனி கட்டில் விஷயம். நம் வீட்டின் நடுவே ஊர் எல்லை ஓடுவது உனக்குத் தெரியும். கிழக்கே ஹோல்ட், மேற்கே வின்னல். சின்ன வயதில் நீ ஹோல்ட்டில் கஞ்சி குடித்துவிட்டு வின்னலில் தூங்கப் போகிறேன் என்பாய். இப்போது அது விளையாட்டு இல்லை. ஹோல்ட்டில் ஊர்ச் சோறு தின்கிற பிள்ளைகளைப் பல் விழுகிற வயதில் வண்டியேற்றி வடக்கே பஞ்சாலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சூசன் பெற்ற இரண்டும் அப்படிப் போனவைதான். உயிரோடு இருக்கின்றனவா என்று அவளுக்கே தெரியாது. வின்னலில் முணுமுணுத்துக்கொண்டே சோறு போடுவார்கள், ஆனால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க மாட்டார்கள். ஆகவே உன் பிள்ளை வின்னலில் பிறக்க வேண்டும்.

எல்லை எது என்றால் ரொட்டி அடுப்பு. ஊர் எல்லையைச் சுற்றி வந்து உறுதிப்படுத்துகிற எல்லை நடை அன்று இரண்டு ஊராரும் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே வந்து, பொடியன் ஒருவனை அடுப்புக்குள் தள்ளி வெளியே இழுப்பார்கள். பயத்தில் அவனுக்கு அந்த இடம் சாகும்வரை மறக்காது, அதற்குத்தான். கட்டிலை அடுப்புக்கு மேற்கே போட்டுவிட்டேன். யார் வந்து பார்த்தாலும் அது வின்னல்தான்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். இப்போது பட்டறையில் வேறு யாரும் இல்லை, வெளியே சொல்ல மாட்டேன் என்று ரோடாவும் சத்தியம் செய்திருக்கிறாள். நான் பொடியனாக இருந்தபோது என்னைத் தள்ளிய அடுப்பு இது இல்லை. அது மேற்குச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. புகை தாங்காமல் உன் அம்மா இருமினாள், நீ அப்போது அவள் வயிற்றில். அதை இடித்துவிட்டுக் கிழக்கே புதிதாகக் கட்டினேன். அடுத்த எல்லை நடையில் வந்தவர்கள் அடுப்பைத் தேடினார்கள், இருந்த அடுப்பில் பையனைத் தள்ளினார்கள், பன் தின்றார்கள், போனார்கள். எல்லை நகர்ந்துவிட்டதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. பழைய கணக்குப்படி பார்த்தால் உன் கட்டில் இருப்பது ஹோல்ட்டில்.

யாரும் கேட்கப் போவதில்லை. நீ வா.

அப்பன்,
ஏபெல் லோடர் (குறி)


சாலிஸ்பரி,
ஜூலை 8

அப்பாவுக்கு,

பால் கொடுக்கிற வேலைக்கு வந்த இந்த மருத்துவர் வீட்டில் எனக்குக் குறையில்லை. இவர்கள் பிள்ளைக்கு என் பால் ஒத்துக்கொள்கிறது. இரண்டு வேளையும் இறைச்சி போடுகிறார்கள், எனக்காக இல்லை, பாலுக்காக. குழந்தை ஜேம்ஸ் ரோடாவிடம் சரியாகக் குடிக்கிறானா? அவள் பிள்ளைக்குக் குறைந்துவிடப் போகிறது, அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவனுக்கு வலது பக்கம் படுத்தால்தான் தூக்கம் வரும்.

ஹன்னம் வந்திருந்தான். வின்னல் கண்காணி பிட்மன் நம் வீட்டுக்கு வந்து, மேற்குச் சுவர்ச் சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டிக் கரி படிந்த செங்கல்லைக் கண்டுபிடித்துவிட்டாராம். பழைய அடுப்பு அங்கேதான் இருந்தது, பிள்ளை ஹோல்ட்டுடையது, ஹோல்ட் ஏழை விடுதிக்குத் தூக்கிப் போங்கள் என்கிறாராம். அந்த அடுப்புக்குள் போனவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான், நீங்கள் சாட்சி சொன்னால் முடிந்தது என்கிறாராம். "ஜெம்மையே சொன்ன மனுஷன். அவர் நாக்கு மகளுக்காகவும் வளையாது" என்று பிட்மன் மதுவிடுதியில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

உங்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கும் தெரியும். இந்தத் தடவை உங்களைக் குறை சொல்லவில்லை. முட்டை திருடியதை மறைத்த எனக்கு வேலிக் குச்சியால் விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது. உங்களை மாற்ற முடியாது. விசாரணை நாளை மட்டும் சொல்லியனுப்புங்கள். அதற்கு முதல் நாள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன். எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

நாளைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

லெட்டி


வின்னல்,
அறுவடை விருந்துக்கு அடுத்த திங்கள்

மகள் லெட்டிக்கு,

நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை விசாரணை நடந்து முடிந்தது. உன் பிள்ளை என் மடியில்தான் இருக்கிறான். முதலில் இதைப் படித்து மூச்சு விடு, பிறகு மற்றதைப் படி.

மதுவிடுதி மாடியில் நடந்தது. இரண்டு ஊராரும் படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். பிட்மன் எனக்கு நாற்காலி போட்டு, பீர் வாங்கி வைத்தார். நான் தொடவில்லை. புத்தகத்தை நீட்டினார்கள், முத்தமிட்டேன். அதன் தோல் குளிர்ந்திருந்தது.

பிட்மன் கேட்டார்: "ஏபெல், சின்னப் பையன்ல உன்னை எந்த அடுப்புக்குள்ள தள்ளுனாங்க? இப்ப இருக்கறதா, மேற்குச் சுவர்ல இருந்ததா?"

லெட்டி, எனக்கு எல்லாம் வந்தது. என்னைத் தூக்கிய கோயில் மணிக்காரனின் செருப்பில் ஒரு கொக்கி அறுந்து தொங்கியது வந்தது. உள்ளே இருந்த சாம்பல் வாசனை வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்மேல் மேற்கு ஜன்னல் வெயில் விழுந்தது வந்தது. அழுதுகொண்டே தின்ற பன்னில் சோம்பு கடிபட்டது வந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

பிட்மன் எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, குனிந்து உரக்கக் கேட்டார்.

"கேட்டுச்சுய்யா. ஞாபகம் இல்லை. வயசாயிடுச்சு."

"உனக்கா? எங்கப்பன் கல்யாணத்துல எந்த வாத்தை அடிச்சாங்கன்னு போன வாரம் சொன்னியே."

"அது போன வாரம்."

பின்னால் ஒருத்தன் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். நீதிவான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெம்மைக் கேட்ட அதே நீதிவான்தான். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். சாட்சி இல்லாத பழைய அடுப்பு செல்லாது, இருக்கிற அடுப்பே எல்லை, பிள்ளை வின்னலைச் சேர்ந்தது. எழுதியதன் கீழே குறி போட்டேன். சிலுவை கோணலாக விழுந்தது.

படியிறங்கும்போது பிட்மன் என் காதருகே வந்து, "ஜெம்முக்கு வராத மறதி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. வின்னல்காரர்கள் கொடுக்கிற தானியத்திலிருந்துதான் இந்தப் பிள்ளைக்குப் போக வேண்டும், அவர்கள் என் சொல்லை நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. பாதிரியார் கேட்டதற்கு முழங்கால் என்றேன். அந்தப் பொய்யும் சேர்ந்துகொண்டது.

இன்று காலை வேலி வேலையில் இருந்தபோது கார்ட்டர் அண்ணன் தம்பி இரண்டு பேரும் தங்கள் வயல்களுக்கு நடுவே ஓடிய பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பியது என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். எப்போதும் என்னிடம்தான் வருவார்கள். படலைத் திறந்துவிட்டார்கள். சின்னவன் நின்று, "இவர்கிட்ட கேட்டு என்னடா பண்றது" என்றான், என்னைத் திட்டுகிற குரலில் இல்லை. படலைச் சாத்திவிட்டுப் போனார்கள். அது சீமை அத்தி மரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பியது. எனக்கு நன்றாகத் தெரியும். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

ரோடா எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். மை சிந்திய இடம் அவளுடையது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வராதே. பார்க்க வா. கட்டிலை நகர்த்தவில்லை.

அப்பன்,
ஏபெல் லோடர் (குறி)


சாலிஸ்பரி,
செப்டம்பர் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன்.

இந்த வீட்டுப் பிள்ளைக்கு இனி கஞ்சி கொடுக்கலாம் என்றுவிட்டார்கள். சனிக்கிழமை ஹன்னம் வண்டியில் வருகிறேன், தங்குவதற்கு. புகைபோக்கியில் தொங்குகிற என் பங்கு இன்னும் இருக்கிறதா?

ஒன்று கேட்க வேண்டும். ஜெம்மின் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைகிறது. இரவில் கண்ணை மூடினால் தோள் வருகிறது, குரல் வருகிறது, முகம் வருவதில்லை. அவன் பொடியனாக இருந்ததிலிருந்து நீங்கள் பார்த்தவர். இடது புருவத்தில் அந்தத் தழும்பு எப்படி வந்தது, அவன் அப்பன் பாடுகிற பாட்டு எது, முதல் தடவை நம் வாசலுக்கு வந்தபோது கையில் என்ன வைத்திருந்தான், எல்லாம் ஜேம்ஸுக்குச் சொல்ல வேண்டும். எனக்கும்.

யாரிடம் கேட்பது? நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்.

உங்கள் மகள்,
லெட்டி