உங்கள் ரைல்ஸை உடைத்துவிட்டோம், அப்பா

மினுங்கும் எதைக் கண்டாலும் விடாத என் அப்பாவுக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஹோல் நிலத்தில் நீங்கள் ஆசை ஆசையாகப் பதிக்கவைத்த வெள்ளை ரைல்ஸை உடைத்துவிட்டோம். உடைந்த துண்டுகள் வேலியோரம் குவிந்து கிடக்கின்றன. இப்போது ஹோல் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். அது மினுங்காது. குனிந்து பார்த்தால் முகம் தெரியாது. கையால் தடவினால் மாட்டின் நாக்குப் போலச் சொரசொரக்கும். உங்களுக்கு இது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். கோபிப்பதானால் என்னைக் கோபியுங்கள், அம்மாவை விட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கடையில் அந்த ரைல்ஸைத் தெரிவு செய்த நாள் நினைவிருக்கிறதா? சைக்கிள் ரிம்மைக்கூட மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த மனிதர் அல்லவா நீங்கள். கடைக்காரர் எடுத்து வைத்ததில் எது கூடுதலாக மினுங்கியதோ அதில்தான் உங்கள் கை போனது. "குனிஞ்சு பாத்தா என்ர முகம் தெரியவேணும்" என்றீர்கள். "இவ்வளவு காலமும் அந்த முகத்தைப் பாத்தது காணாதோ?" என்று அம்மா கேட்டார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

நெடுந்தீவில் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவுவது. ஈரத்துணியால் துடைப்பதை நம் ஆட்கள் கழுவியதாகவே எடுக்கமாட்டார்கள். வாளி வாளியாக ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளி, வாசலால் தண்ணீர் ஓடவேண்டும். பழைய சீமெந்து நிலம் அதையெல்லாம் தாங்கியது. உங்கள் கண்ணாடி நிலம் தாங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு, ஈரக் காலோடு ஈர நிலத்தில் வந்தீர்கள். குசினி வாசலுக்கும் சாமியறைக்கும் நடுவில் விழுந்தீர்கள். உடைந்த இடுப்பெலும்போடு உங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனோம். அதே கடலால் பெட்டியில் கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகு அம்மா ஹோலில் கால் வைக்கவில்லை. இது உங்களுக்குத் தெரியுமா?

பின்னால் சமைக்கிற குசினி, முன்னால் சாமியறை, நடுவில் ஹோல். விளக்கு ஏற்றப் போவதென்றால் அம்மா குசினியால் வெளியே இறங்குவார். கிணற்றடியைச் சுற்றி, வேலியோரம் கல்லும் முள்ளும் கிடக்கிற பாதையால் போய், முன் விறாந்தையால் ஏறுவார். ஒப்பரேசன் செய்து கண்ணில் வெள்ளை எடுத்த பிறகும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வழுக்கி விழுந்துவிடக்கூடாது என்று நிலத்தைத் தவிர்த்துவிட்டு, விழுவதற்கு அதைவிட வசதியான வழியைத் தேடிப்பிடித்திருந்தார். மழைக்காலத்தில் நான் பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பிக்கும்போது என் மனம் முழுக்க அந்தக் கிணற்றடியிலேயே நிற்கும்.

அண்ணை கனடாவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார். ஒருநாள் குரலை உயர்த்தாமலே சொன்னார். "இன்னொருக்கா அந்த வீட்டில ஆரும் விழுந்தா நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டன். அம்மாவை இங்க கூப்பிடுவன். விசா அலுவல் பாக்கத் தொடங்கீட்டன்."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போன் வைத்த பிறகு என்னிடம் சொன்னார். "அங்க போய் யன்னலால பனியைப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது பிள்ளை. என்ர கட்டை இஞ்சதான் வேகவேணும்."

வருடம் முடிகிற உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு அண்ணை வருவதாக இருந்தது. வந்தால் எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பார். அம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்தது. திவசத்துக்கு முன்னம் அம்மா ஹோலில் நடக்கவேண்டும். அதுவும் விழாமல் நடக்கவேண்டும். நிலத்தை மாற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"கொப்பர் ஆசையாப் போட்டது. அதில கை வைக்கக்கூடாது" என்றார் அம்மா.

"அதில கால் வைக்கிறீங்களோ அம்மா?"

அம்மா எழும்பிப் போனார். ஒரு கிழமைக்கும் மேலாக அந்தக் கதையை எடுக்கவிடவில்லை. பிறகொரு காலை, தேங்காய் திருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "உடைக்கிறதெண்டா உடை. நான் பாக்கமாட்டன்."

அண்ணையிடம் கல் போடப்போகிறோம் என்றேன். உடனே படம் படமாக அனுப்பினார். எல்லாம் கறுப்புக் கிரனைட், மினுக்கி எடுத்தது, மேலே பூச்சாடி வைத்தால் கீழேயும் பூச்சாடி தெரிகிற வகை. உங்கள் மகன் என்பதில் சந்தேகமே இல்லை. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

நான் கல் வாங்கிய விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனேன். கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கல்லாகக் கீழே போடச் சொல்லி, தண்ணீரை ஊற்றி, அதன்மேல் ஏறி நின்றேன். மாபிளில் நிற்கவே முடியவில்லை. மினுக்கிய கிரனைட்டில் குதிக்கால் இழுத்துக்கொண்டு போனது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கல்லை ஆரும் இப்பிடிப் பாத்து நான் காணேல்லை" என்றார்.

"என்ர அம்மா வீடு கழுவிற ஆள்" என்றேன்.

அவர் உள்ளே போய், நெருப்பால் மேற்பரப்பைச் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கருங்கல் பலகை ஒன்றைத் தூக்கிவந்து போட்டார். மிச்சத் தண்ணீரை முழுக்க ஊற்றினேன். வேண்டுமென்றே காலைத் தேய்த்துப் பார்த்தேன். கால் போகவில்லை. அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது, அப்பா. உங்கள் காலுக்குக் கீழே இது இருந்திருந்தால் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்?

கல்லைக் கட்டித் தரும்போது முதலாளி ஒன்று சொன்னார். "சாந்து குழைக்க நல்ல தண்ணி எடுங்கோ. உப்புத் தண்ணியில குழைச்சா உப்பு கல்லால மேல வரும்." நான் தலையாட்டினேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் கல்லை ஏற்றியபோது காற்று பலமாக இருந்தது. படகுக்காரர் கடலைப் பார்ப்பதும் கல்லைப் பார்ப்பதுமாக நின்றார். பலகைகளைப் படுக்க வைத்தால் அலை தூக்கிப் போடும்போது நடுவால் உடையும், நிறுத்தி வைத்தால் சரியும். கடைசியில் நிறுத்தி, இடையில் சாக்கு வைத்து, கயிற்றால் இறுக்கினார்கள். ஒவ்வொரு அலைக்கும் கல்லும் கல்லும் உரசுகிற சத்தம் கேட்டது. நான் ஒருமுறையும் கடலைப் பார்க்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு பலகைகள் மூலை உடைந்து போயின. அதற்கு மேல் சேதமில்லை.

மேசன் யோசேப்பு அண்ணைதான் வேலைக்கு வந்தார். உங்கள் ரைல்ஸைப் பதித்தவரும் அவர்தானே. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஹோலுக்குள் போனவர் திரும்பி வந்து, "இண்டைக்கு விறாந்தையில தொடங்குவம்" என்றார்.

பிழை அங்கேதான் நடந்தது. நல்ல தண்ணீரில் குழைக்கவேண்டும் என்று நான் சொன்னதும் அம்மா குசினியிலிருந்து வந்துவிட்டார். "குடிக்கிற தண்ணியைச் சீமெந்துக்கு ஊத்திறதோ? தண்ணிப் பவுசர் வராத நாளில சனம் கானைத் தூக்கிக்கொண்டு அலையிறது தெரியாதோ உனக்கு? பாவம், பிள்ளை." யோசேப்பு அண்ணையும் சிரித்தார். "இந்த ஊரில எந்த வீட்டை நல்ல தண்ணியில கட்டினது?" நானும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. குடிக்க ஒரு தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் கிணற்று உவர்த் தண்ணீர் என்று வளர்ந்தவள். லொறியில் வந்து கானில் அடைத்து வைத்த தண்ணீரைச் சாந்தில் ஊற்ற எனக்கும் கை கூசியது. கிணற்றில் அள்ளினோம்.

விறாந்தை அழகாகத்தான் வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் கல்லின் பொருத்துகளில் வெள்ளையாக ஒன்று பூத்தது. கூட்டினால் மாவு மாதிரிப் பறந்தது, அடுத்த நாள் திரும்ப வந்தது. ஒரு மழை இருட்டுப் பிடித்த மாலை, அம்மா வழக்கம்போல வெளியால் சுற்றிவந்து விறாந்தையில் ஏறினார். ஈரக் காலின் கீழே அந்த உப்பு வழுக்கியது. நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இல்லை. அம்மா யன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். கை தோலுரிந்து போயிற்று. விழவில்லை.

கம்பியை விடாமல் அம்மா முதலில் சொன்னது, "கொண்ணனுக்குச் சொல்லிப்போடாதை."

அன்றைக்கு எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. கிணற்றின் மேல், கடலின் மேல், அண்ணையின் மேல். எல்லாவற்றையும் தொடக்கி வைத்துவிட்டுப் படமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் உங்கள் மேல் எல்லோரையும்விடக் கூடுதலாக வந்தது. படத்தைத் திருப்பி வைத்தேன். பிறகு அம்மா காணமுன்னம் நேராக்கிவிட்டேன்.

திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. யோசேப்பு அண்ணை விறாந்தைக் கல்லைக் கிளப்பி எடுத்தார், ஹோல் ரைல்ஸையும் உடைத்தார். உடைக்கும்போது அம்மா சொன்னபடியே பார்க்கவில்லை. பின்வளவில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். சாந்து குழைக்கிற நேரம் நான் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கமுன்னம், குசினியிலிருந்து கானை நிலத்தோடு இழுத்துக்கொண்டு அவரே வந்தார்.

"இந்தா, இதில குழை" என்றார் யோசேப்பு அண்ணையிடம்.

"அப்ப குடிக்க?"

"நாங்கள் கிணத்துத் தண்ணி குடிச்சுச் சாகமாட்டம்."

வேலை முடியும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. பவுசர் தண்ணீர் கல்லுக்கு, கிணற்றுத் தண்ணீர் எங்களுக்கு. தேத்தண்ணீரில் எவ்வளவு சீனி போட்டாலும் உவர்த்தது. மழை பெய்த நாட்களில் மட்டும் கூரைப் பீலியில் பிடித்த தண்ணீரில் நல்ல தேத்தண்ணீர் குடித்தோம். தினமும் காலையில் எழும்பியதும் நான் பொருத்துகளை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்பு வரவில்லை.

அண்ணை வந்து சேர்ந்தார். கல்லைப் பார்த்து முகம் சுளித்தார். அவரும் நானும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா இன்னும் வெளியால்தான் சுற்றினார். புதிய நிலத்தின் ஓரத்தில் வந்து நிற்பார், பிறகு திரும்பிப் போய்விடுவார். அண்ணை என்னிடம், "இதுக்குத்தானோ இவ்வளவு பாடுபட்டனீ?" என்று கேட்டார்.

திவசத்துக்கு முதல் நாள் வீடு கழுவவேண்டும். நான் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். அம்மா என் கையிலிருந்து வாளியை வாங்கி, குசினி வாசலில் நின்றபடி ஹோலுக்குள் முழுவதையும் ஊற்றினார். இன்னொரு வாளி கேட்டார். அதையும் ஊற்றினார்.

"அம்மா, நில்லுங்கோ, காயட்டும்" என்று அண்ணை கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டு இறங்கினார். வெறுங்கால். தண்ணீர் அவருடைய கணுக்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கல் பிடித்தது. ஒவ்வொரு அடியாக வந்தவர் நீங்கள் விழுந்த இடத்தில் நின்றார்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு அவர் கிணத்தடியில கால் கழுவிறது எனக்குத் தெரிஞ்சது. காலமை சண்டை பிடிச்சு வாய்ப்பட்டனாங்கள், நான் கதைக்காமல் இருந்தனான். நிலம் ஈரம் எண்டு ஒரு குரல் வைச்சிருக்கலாம். வைக்கேல்லை."

அண்ணையும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தண்ணீர் வாசலால் ஓடி முடிந்தது. அம்மா அப்படியே நடந்து சாமியறைக்குப் போய் விளக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

அம்மா அதை எங்களிடம் சொல்லவில்லை, அப்பா. உங்களிடம்தான் சொன்னார். உங்களுக்குக் கேட்டதா? கேட்டிருந்தால் அம்மாவின் கனவிலாவது வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? எதற்காக வாய்ப்பட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

அண்ணை தனியாகத்தான் திரும்பிப் போனார். அம்மா இப்போது ஹோலுக்குள்ளால்தான் சாமியறைக்குப் போகிறார், வருகிறார். வெள்ளிக்கிழமைகளில் வாளி வாளியாகத் தண்ணீர் ஓடுகிறது.

நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வீட்டு நிலம் ஈரமாக இருக்கும்போது, வாசலில் யார் கால் வைத்தாலும் நான் குரல் கொடுப்பேன். அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்காத நாளிலும் கொடுப்பேன்.

அம்மாவோடு அடிக்கடி கோபித்துக்கொள்ளும்
உங்கள் சின்னவள்,
வதனி