நிறுத்திப் பார்த்த வண்டி

மார்ச் 4

லிஃப்ட் வாசலின் அகலம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். நடைபாதை மேடு பதினைந்து. பஸ்ஸின் நடுக்கதவு — தெரியாது. பஸ் ஏறி ஐந்து மாதம் ஆகிறது.

ஏப்ரல் 7 அன்று, மகப்பேறு விடுப்பு முடிந்து, மீண்டும் பதிப்பகம். மெய்ப்புத் திருத்தும் அதே மேசை. அதற்கு முன் காலை எட்டு மணிக்குக் குட்டியைக் காப்பகத்தில் விட வேண்டும். பதினொரு நிறுத்தம், நானும் அவளும் மட்டும். கப்பல்காரர் ஆகஸ்டில்தான் கரை இறங்குவார். (கணவருக்கு வீட்டில் அதுதான் பெயர்.) அந்தத் தேதியில் வரவில்லை என்றால் மேசை இன்னொருவருக்கு. மேலாளர் அதை மிகவும் அன்பாகச் சொன்னார்.

ஆக, குழந்தையை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் ஒன்று வேண்டும்.

பிப்ரவரியில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 6

நாற்பத்தொரு விமர்சனங்கள். எடை, அகலம், சக்கரம், மடிப்பு என்று ஒரு அட்டவணை. ஆய்வேட்டுக்கு இந்த உழைப்பைக் கொடுத்திருந்தால் இந்நேரம் முனைவர்.

மார்ச் 9

வந்தது. மூன்று சக்கரம், சாம்பல் நிறம், ஒரு விரலால் தள்ளலாம். அகலம் அறுபது. கையேட்டில் ஏழு அச்சுப்பிழைகள். பென்சிலால் திருத்தினேன்.

லிஃப்டுக்குள் நுழையவில்லை.

கம்பிக் கதவை மூடி வைத்து, சுவருக்குச் சுவர் அளந்திருக்கிறேன். திறந்தால் அது மடிந்து ஓரத்தில் நிற்கும், ஒரு கை அகலத்துக்கு. திறந்த கதவும் இடம் பிடிக்கும். இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

அண்ணி வந்தார். கப்பல்காரரின் அக்கா. வண்டியைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பண்டிதரே, மூடின கதவு வழியா யாரும்மா உள்ள போவாங்க?”

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். எனக்கு வந்தது வேறு தண்ணீர்.

மார்ச் 10

திருப்பி அனுப்பியாயிற்று. கையேட்டில் என் திருத்தங்களும் போயின.

மார்ச் 13

நாத்தனார் என்றதும் தோழிகள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அண்ணி வருவார், கை கழுவுவார், குட்டியை வாங்கிக்கொள்வார், “நீ போய்க் குளி” என்பார். அவ்வளவுதான்.

பதினாறு வருடமாக 23-ஆம் எண் பஸ் ஓட்டுகிறார். நடுக்கதவில் ஏறியவர் கம்பியைப் பிடிக்கும்வரை அவர் பஸ் நகராது. பின்னால் எத்தனை ஹார்ன் அடித்தாலும். “அவங்க ஹார்ன், அவங்க அடிச்சுக்கட்டும்.” இப்படி ஒரு வாக்கியம் எழுத எனக்கு இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ.

இன்று சொன்னார்: “எந்த வண்டி நல்லதுன்னு விமர்சனம் எழுதறவனுக்கு என்ன தெரியும்? என் பஸ் கண்ணாடிக்குத் தெரியும். தினம் எட்டு வண்டி ஏறி இறங்குது. எது மாட்டுது, எது கவிழுது, எந்தப் பொண்ணு அழுதுட்டே மடிக்கிறா — எல்லாம் பாக்கறேன்.”

மார்ச் 16, ஞாயிறு

பணிமனை. ஓட்டத்தில் இல்லாத ஒரு பஸ். மேற்பார்வையாளரிடம் அண்ணி என்ன சொல்லி அனுமதி வாங்கினாரோ, “கேக்காத” என்றுவிட்டார்.

தன் பஸ்ஸில் தினமும் வரும் இரண்டு பெண்களிடம் அண்ணி ஸ்ட்ரோலரை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டிருந்தார். ஒருத்தி பல் மருத்துவரிடம் உதவியாளர், அவளுடையது நீலம். இன்னொருத்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவளுடையது பச்சை. விடுமுறை நாளில் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஓட்டுநர் கேட்டதற்காக. எந்த ஓட்டுநருக்கு இப்படி வருவார்கள்?

குட்டிக்குப் பதிலாக ஏழு கிலோ சோப்புத்தூள், துண்டில் சுற்றி. முன்பக்கமாக ஏற்றினேன், படியில் இடித்தது. “பின்பக்கமா ஏறும்மா, பெரிய சக்கரம் முதல்ல.” ஏறிவிட்டது. ஒரு கையில் சோப்புத்தூள், மறுகையால் மடிப்பு. நீலம் நாலு விநாடி. பச்சை ஒன்பது, நடுவில் ஒரு கெட்ட வார்த்தை.

“தள்ளித்தான் எல்லாரும் பாக்கறாங்க. நிறுத்திப் பாரு” என்றார் அண்ணி.

பிரேக்கை மிதித்தேன். நீலத்தில் சத்தமே இல்லை. பச்சையில் — டக்.

“நீலம்தான்” என்றார். “லேசு, அழகு, சத்தம் இல்ல.”

“எனக்குப் பச்சை.”

“குழந்தை முழிச்சுக்கும்டி.”

“முழிக்கட்டும் அண்ணி. எனக்குச் சத்தம் கேக்கணும்.”

அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பிப்ரவரியில் பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கிப் போனது. மருந்துக்கடை வாசல் சரிவு. பையைத் திறக்கக் கையை எடுத்தேன். பிரேக் போட்டதாகத்தான் நினைத்தேன் — நினைத்தேன். வண்டி ரோட்டைப் பார்த்து உருண்டது. யாரோ ஒரு அம்மா செருப்புக் காலை நீட்டி நிறுத்தினார். குட்டி தூங்கிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவளோடு நான் தனியாக வாசல் தாண்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அண்ணி என் கையிலிருந்த சோப்புத்தூளை வாங்கிக்கொண்டார். பிறகு:

“நான் பஸ்ஸையே உருள விட்டிருக்கேன், தெரியுமா? ரெண்டாவது வருஷம். ஹேண்ட் பிரேக் போடாம தண்ணி குடிக்க இறங்கிட்டேன். நல்லவேளை, உள்ள ஆள் இல்ல. சுவத்துல போய் நின்னுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. மறுநாள் எடுத்தேன். கை நடுங்குச்சு. நடுங்கற கைன்னாலும் பிரேக் பிடிக்கும்.”

டீச்சர் தன் குழந்தைக்கு மூக்குத் துடைத்தபடி சொன்னாள்: “நானும் அந்த டக்குக்காகத்தான் வாங்கினேன்.”

அண்ணி கையை உயர்த்தினார். “சரிங்கம்மா. கண்ணாடிக்குக் காது இல்ல, ஒத்துக்கறேன்.”

மார்ச் 18

பச்சை வாங்கியாயிற்று. பாசி பிடித்த தொட்டியின் நிறம். லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து அளந்துவிட்டேன்.

மார்ச் 27

வீட்டுக்குள் ஒத்திகை. சமையலறை முதல் பால்கனி வரை. டக். டக். கப்பல்காரர் தொலைபேசியில், “என்ன, வீட்ல தச்சு வேலையா?”

ஏப்ரல் 6

இரவு பதினொரு மணிக்கு இன்னும் ஒரு டக்.

ஏப்ரல் 7

7.20 பஸ். அண்ணி ஓட்டும் நேரம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

இறங்கி வந்து தூக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம். அவர் இருக்கையை விட்டு அசையவில்லை. பின்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில். கூட்டம் விலகியது. கால் பிரேக்கைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. பின்னால் ஹார்ன். இன்னொரு ஹார்ன். பஸ் நிற்கிறது. யாரோ, “என்ன டிரைவர், இங்கயே குடியிருக்கப் போறீங்களா?”

டக்.

அதற்குப் பிறகுதான் பஸ் நகர்ந்தது.

ஆறு மீட்டர் தள்ளி, அத்தனை இரைச்சலில், அந்தச் சத்தம் எப்படி அவருக்குக் கேட்டது? மாலையில் கேட்டேன். “எங்க கேட்டுச்சு? உன் தோள் இறங்கறதைப் பாத்தேன்” என்றார்.

ஏப்ரல் 11

மேசையில் நானூறு பக்கம் காத்திருக்கிறது. மூன்றாம் பக்கத்திலேயே பிழை. நிம்மதி.

ஏப்ரல் 24

மழை. குட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. ஜன்னல் ஓரம் நிறுத்தினேன், பிரேக், டக். அவள் சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு இப்போதெல்லாம் சிரிக்கிறாள். பதினொரு நிறுத்தமும் அவளுக்கு மழையைக் காட்டிக்கொண்டு வந்தேன்.

காப்பக நிறுத்தத்தில் இறங்கி, பஸ் என்னைக் கடந்து போகும்போது வழக்கம்போலக் கையை ஆட்டினேன். ஓட்டுநர் இருக்கையில் தடித்த மீசை வைத்த ஒருவர். குழம்பிப்போய் அவரும் கையை ஆட்டினார்.

அண்ணிக்கு இன்று விடுமுறை. நேற்றே சொல்லியிருந்தார். ஏறும்போது அது நினைவுக்கே வரவில்லை.