எடுத்தேன் என்று சொல்லச் சொன்னேன்

அக்கா,

இன்று காலை நம் தெருக்கோடியில் யாரோ தோல் துண்டுகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். மழை விட்டபின் பாம்பு நடமாடுகிறது என்று ஒருவர் சொன்னால் போதும், இங்கே உடனே அதைத்தான் செய்வார்கள். தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டை ஊறலும் நம் ஊர்க்காரர் மூக்கில் ஏறுவதே இல்லை. கருகுகிற தோல் மட்டும் வேறு. மயிர் பொசுங்குவது போல ஆரம்பித்துத் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உலையில் அரிசி போடப் போனவள் முறத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். சன்னலைச் சாத்தினேன். வாசற்கதவையும் சாத்தினேன். நாற்றம் போகவில்லை.

இது உனக்கு ஐந்து வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம். அப்போது எழுதியிருந்தால் உனக்குப் படிக்கத் தெரியாது, நானே எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டவேண்டும். அதற்குப் பயந்துதான் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன். இப்போது படித்துக் காட்ட ஆளில்லை. அதனால் தைரியம் வந்திருக்கிறது. இந்தத் தைரியமும் வெட்கக்கேடுதான்.

நான் இந்தத் தெருவுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது சென்னையில் படித்த இண்டர்மீடியட்டும், மூன்று மாதப் பிள்ளையும், ஓயாத பயமும். என் வீட்டுக்காரருக்குத் தோல் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா வேலை. அதே கம்பெனியில், பதனிட்ட தோல்களைக் கட்டுக் கட்டுமுன் ஓரம் நறுக்கும் கூடத்தில் உனக்கு வேலை. நமக்கு நடுவே ஒரு மண்சுவர்தான். என் பிள்ளை அழுதால் சுவருக்கு அப்புறமிருந்து உன் குரல் முதலில் வரும், பின்னாலேயே நீ வருவாய்.

"இன்னா காலேஜு, கொயந்தய புஸ்தகம் மாரி விரிச்சி வெச்சினு பாத்துனுகீற? தூக்கித் தோள்ல போடு. ஏப்பம் வுட்டா தானா தூங்கும்."

என் பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தால் காலேஜு, கவலையாக இருந்தால் தங்கச்சி. உனக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை, புருஷனும் பேதியில் போய்விட்டார் என்று எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நீ அதைப் பேசியதில்லை. வேலைவிட்டு வந்ததும் கை கால் கழுவி, வேறு புடவை கட்டி, "எங்க ராஜா?" என்று கேட்டுக்கொண்டே என் வாசலில் நிற்பாய்.

தூளிக் கயிறு விட்டத்துக் கொக்கியில் உரசி அறுந்துவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். நாளுக்குப் பத்துத் தடவை முக்காலிமேல் ஏறித் தொட்டுப் பார்ப்பேன். நீ இரண்டு நாள் பார்த்துச் சிரித்தாய். மூன்றாம் நாள் மடியிலிருந்து நான்கு விரல் அகலத் தோல் துண்டொன்றை எடுத்து, கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் சுற்றி இறுக்கினாய். "இனிமே ஆனையப் போட்டு ஆட்டினாலும் அறாது. போ, போயி சோறு துன்னு" என்றாய். நானும் நம்பினேன். அன்று பகலில் பிள்ளையோடு நானும் தூங்கினேன்.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. வியாழன் சாயந்திரம் நறுக்கிப் போட்ட காது, வால், கால் ஓரமெல்லாம் பெண்களுக்கு என்று பழைய முதலாளி பெரிய சாயபு காலத்திலிருந்து வழக்கம். ஆளுக்கொரு சின்ன மூட்டை, முந்தானையில் மறைத்துக்கூட அல்ல, தலைமேல் வைத்து, முன்வாசல் வழியாகவே வருவீர்கள். வாட்ச்மேன் தடியை உயர்த்தி வழிவிடுவார். அதில் கதவுக்குக் கீல் அடிப்பீர்கள், செருப்பு தைப்பவரிடம் கொடுத்து வார் மாற்றிக்கொள்வீர்கள். தெருவில் எல்லார் வீட்டிலும் அந்தத் தோல் உண்டு.

பெரிய சாயபு காலமானபின் வெளியூரிலிருந்து புது மேனேஜர் வந்தார். ஒரு வியாழக்கிழமை வாசலில் நின்று, மூட்டையில் என்ன என்று உன்னைக் கேட்டார். மற்றவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். நீ சும்மா இருந்தாயா?

"ஆட்டுக் காது சார். உங்களுக்கு வேணுமா? கோட்டுக்குப் பொத்தான் வெச்சிக்கலாம்."

வாசலே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்துக் காட்டினாய். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். எடுக்கக் கூடாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வியாழன் நீ வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னாலேயே மேனேஜரும் போலீஸ் ஏட்டும் வந்தார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் எல்லாம் கேட்டேன். மூட்டையைப் பிரிக்கிறார்கள். பானையைக் கவிழ்க்கிறார்கள். பல மாதமாகக் கம்பெனிச் சரக்கு களவு போகிறது என்கிறார் மேனேஜர். ஏட்டு கேட்டார்: "இன்னும் எங்கெங்க குடுத்து வெச்சிருக்க? பக்கத்து வூட்லயா?"

"அவங்க படிச்சவங்க சாமி. இந்த நாத்தம் புடிச்சத அவங்க இன்னாத்துக்குத் தொடப் போறாங்க?" என்றாய்.

அந்த வழக்கில் நீ சொன்ன பொய் அது ஒன்றுதான். எனக்காகச் சொன்னாய்.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? தூங்குகிற பிள்ளையை எடுத்துத் தரையில் கிடத்திவிட்டு, முக்காலிமேல் ஏறி, கத்தியால் அந்தத் துண்டை அறுத்து அடுப்பில் போட்டேன். லேசில் எரியவில்லை. சுருண்டு சுருண்டு புகைந்தது. பிள்ளை விழித்து இருமினான். வாசம் அவர்களுக்குப் போகுமோ என்று அடுப்பின் எதிரில் உட்கார்ந்து புடவையால் மறைத்தேன். உனக்கு நிச்சயம் வந்திருக்கும், அக்கா. தோலிலேயே பிழைத்தவள் நீ. ஒருநாளும் கேட்கவில்லை.

பத்து நாளில் சம்மன் வந்தது. ஞாயிறு காலையில் அதை எடுத்துக்கொண்டு வந்தாய். நான் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் புறப்பட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மணி அடித்தாயிற்று, இரண்டாம் மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது.

"இன்னா போட்டுகீது, தங்கச்சி?"

"தோல் திருடினதாக் குத்தம். நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டில் ஆஜராகணும்."

"போவலன்னா?"

"வாரண்டு வரும். போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போவாங்க."

நீ சம்மனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு, "வக்கீலு வெக்கணுமா? வக்கீலு இல்லாம வாயத் தொறக்காதன்றாங்க கம்பெனிப் பொம்பளைங்க. வேலூர்ல உங்க மாமா வக்கீலுன்னியே, அவர ஒரு வார்த்த கேக்கலாமா?" என்றாய்.

மாமா வேலூரில்தான் இருந்தார். அன்று பகல் ரயில் ஏறியிருந்தால் சாயந்திரத்துக்குள் அவர் வீட்டில் இருந்திருப்போம். வாய்தா வாங்கவாவது அவர் மறுநாள் வந்து நின்றிருப்பார். ஆனால் வக்கீல் யார், யார் அழைத்து வந்தது என்று மேனேஜர் கேட்பார். என் வீட்டுக்காரர் வேலை என்னாகும்? தூளித் துணிக்கு மேல் கொக்கியில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால்? "நம்ம பேரு இதுல அடிபடக் கூடாது" என்று அவரும் சொல்லியிருந்தார். பழியை அவர்மேல் போடமாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"மாமா மெட்ராஸுக்குப் போயிருக்கார்" என்றேன்.

"அப்ப நான் இன்னா சொல்லட்டும்?"

"தோலை எடுத்தியா இல்லையா, அதைச் சொல்லு."

"எடுத்தேன். எல்லாருந்தான் எடுப்பாங்க. பெரிய சாயபு இருக்கச்சொல்லவே—"

"அந்தக் கதையெல்லாம் கோர்ட்டில் கேக்கமாட்டாங்க அக்கா. வளவளன்னு பேசினா கோபம் வரும். எடுத்தேன்னு உண்மையைச் சொல்லிடு. ஏழைன்னு பார்த்து எச்சரிச்சு விட்டுடுவாங்க. உண்மைக்கு வக்கீல் எதுக்கு?"

மாமா ஊரில் இல்லை என்று சொல்லி ஒரு நிமிஷம் ஆகவில்லை. அதே வாயால் சொன்னேன். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய சொல், உண்மை. என் பயத்தை மூட எனக்கு அதுதான் கைக்கு அகப்பட்டது.

உனக்கு முகம் தெளிந்துவிட்டது. சின்னப் பெண் பாடம் ஒப்பிப்பது போல என் எதிரில் நின்று சொல்லிப் பார்த்தாய். "எடுத்தேன் சாமி. எடுத்தேனுங்க. எது நல்லாகீது, காலேஜு?"

"எடுத்தேன் ஐயா-ன்னு சொல்லு" என்றேன்.

இரண்டாம் மணி அடித்தது. நான் கோயிலுக்குப் போனேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

கோர்ட்டில் உனக்கு ஒரு மாதம் போட்டார்கள். நீ இருந்தது இங்கிருந்து ஒரு ரயில் தூரம், வேலூர் ஜெயில். அந்த மாதம் முழுதும் நான் பார்க்க வரவில்லை. பிள்ளைக்குச் சளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சளி இருந்தது உண்மை. வராததற்குக் காரணம் அது இல்லை.

திரும்பி வந்த அன்று நேராக என் வாசலுக்குத்தான் வந்தாய். இளைத்திருந்தாய். கோபித்துக்கொள்வாய் என்று நான் கதவுக்குள்ளேயே நின்றேன். நீ என்ன சொன்னாய்?

"நீ சொன்னா மாரியே சொன்னேன், காலேஜு. ஒரு எய்த்து மாத்தல. குத்தத்த ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க. எடுத்தேன் ஐயான்னேன். வேற எதனா சொல்லணுமான்னாரு அந்த ஜட்ஜி, நல்லவருதான். இல்ல ஐயான்னேன். வளவளன்னு பேசக்கூடாதுன்னியே."

சொல்லிவிட்டு, "எங்க ராஜா?" என்று கையை நீட்டினாய். பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. அழுதான். நீ கையை எடுத்துக்கொண்டாய்.

அன்றுதான் மாமாவுக்குக் கார்டு போட்டேன். யாருக்கோ நடந்தது போல எழுதினேன். நாலாம் நாள் பதில் வந்தது. எடுப்பது வேறு, திருடுவது வேறு என்று எழுதியிருந்தார். எல்லாரும் அறிய, வாட்ச்மேன் பார்க்க, முன்வாசல் வழியாக, வருடக்கணக்காகக் கொண்டுபோன பொருளைத் திருட்டு என்று நிரூபிப்பது சுலபமில்லை. கூட வேலைசெய்த இரண்டு பெண்கள் வந்து சொன்னாலே கேஸ் ஆட்டம் கண்டிருக்கும். அந்த அம்மாள் ஏன் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்? யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது? அப்பீலுக்கும் கெடு தாண்டிவிட்டதே, சம்மன் வந்த அன்றே எனக்கு ஏன் எழுதவில்லை?

நீ சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாய். மிளகாய் அரைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து வந்து படித்துக் காட்ட எனக்குப் பத்தடிதான். கார்டை நாலாக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

பிறகு எந்தக் கம்பெனியிலும் உன்னைச் சேர்க்கவில்லை. ஜெயிலுக்குப் போனவள், தானே ஒத்துக்கொண்டவள் என்று வாசலிலேயே திருப்பினார்கள். ஆலங்காயம் பக்கம் காட்டோரத்தில் ஆவாரம்பட்டை உரிக்கப் போகிறேன் என்றாய். போகும்போது உன் அம்மியை என் வீட்டில் போட்டுவிட்டுப் போனாய். "தூக்கினு போவ முடியாது, நீ அரச்சிக்கோ. உன் கொழம்பு வாய்ல வெக்க முடியல" என்று சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டி திரும்பும் வரை வாசலில் நின்றேன், சொல்லவில்லை.

இரண்டு மழை கழித்துப் பட்டை வண்டிக்காரர்தான் சொன்னார். "பட்ட உரிச்சினு இருந்திச்சே அந்தம்மா, ஜொரத்துல போயிடுச்சி. போன மாசமே."

இப்போதெல்லாம் நம் தெருவில் சம்மன், வாரண்டு என்று எது வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். ஒன்றும் ஒத்துக்கொள்ளாதே, ஓடி ஒளியவும் செய்யாதே, நடந்ததை ஒன்றுவிடாமல் வக்கீலிடம் சொல் என்று சொல்லி, அன்றைக்கே மாமாவிடம் கூட்டிப்போகிறேன். என் வீட்டுக்காரரும் இப்போது தடுப்பதில்லை. போனவர்களில் சிலர் தப்பினார்கள், சிலர் தப்பவில்லை. "புண்ணியவதி" என்று சொல்லி ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உருவிக்கொள்ளத்தான் தோன்றியது.

போன வாரம் உன் ராஜா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தான். வாத்தியார் மேஜையிலிருந்து கலர் சாக்கட்டி எடுத்துவிட்டானாம், சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். எடுத்தாயா இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. அவனை எதிரில் உட்காரவைத்து, "முதல்ல இருந்து சொல்லு, கண்ணு. என்ன நடந்தது?" என்றேன்.

நீளமாகச் சொன்னான். சன்னலில் ஓணான் வந்தது, ஒருத்தன் தள்ளிவிட்டான், மணி அடித்தது, வாத்தியார் வெளியே போனார். உலை பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பார்த்தால் அவன் திருடித்தான் இருந்தான். பச்சைக் கட்டி, கிளி வரைய. மறுநாள் நானே கூடப்போய் வாத்தியாரிடம் கொடுத்தேன்.

திருட்டேயானாலும் அதைக் கடைசிவரை கேட்க எனக்குப் பொறுமை இருந்தது, அக்கா. திருடாத உன்னை நான் பாதியில் நிறுத்தினேன். "பெரிய சாயபு இருக்கச்சொல்லவே" என்று ஆரம்பித்தாய். அதற்குமேல் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று நானே ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துப் பார்க்கிறேன். எவ்வளவு சேர்த்தாலும் அது என் பேச்சாகத்தான் இருக்கிறது.