லேமினேஷனுக்குள் அடைபட்ட சீட்டு

வேலை விட்டு வந்ததும் முதலில் என் உச்சந்தலையை முகர்ந்து பார்க்கும் அம்மாவுக்கு,

தம்பி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். அதற்காக அவனுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடிப் பெட்டியைக் கிளறியபோது, அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த உன் டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தது. கிழியக்கூடாதென்று நைனா மடித்தபடியே லேமினேஷன் போட்டு வைத்தாரே, அதுதான். ஓரத்தைக் கத்தரித்து விரித்தேன். உள்பக்கத்தில் தமிழில்தான் எழுதியிருந்தது: கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் அதிகம், பின்னாளில் இதய நோய் வரலாம், தாய்க்கு வருடந்தோறும் பரிசோதனை தேவை.

இதை ஏனம்மா யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை? தம்பியைத் தடுப்பூசிக்கு நீதான் தூக்கிப் போனாய். அவனை எடை போட்டார்கள். பிரஷர் கருவி அதே மேசையில் இருந்தது. உன் கையில் ஒருவரும் அதைக் கட்டவில்லை. "புள்ள பொறந்துச்சு, பிரஷரும் பூட்ச்சு" என்று நைனா சொன்னதை நாம் எல்லோரும் நம்பினோம்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நின்றபடியே பேக்கிங் செய்துவிட்டு, மூச்சு வாங்க வீட்டுக்கு வருவாய். கேஸ் என்று சோடா வாங்கிவரச் சொல்வாய். நானும் ஓடுவேன். என்மேலும் எனக்குக் கோபம்தான்.

நெஞ்சடைத்துப் போன உன்னைக் கிடத்தியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர், "படுத்துக் கெடக்காம பூட்டா, நல்ல சாவு" என்றார். முப்பத்தாறு வயதில் என்ன நல்ல சாவு? கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் பத்தாவதைப் பாதியில் நிறுத்தியபோதும் வரவில்லை.

போன வாரம் வந்தது. உன் தங்கைக்கும், அதுதான் சித்திக்கும், பிரசவத்தில் உன்னைப் போலவே பிரஷர். பாப்பாவுக்கு ஊசி போட அவளோடு போனேன். போட்டு முடித்ததும் நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை.

"சித்திக்கும் பிரஷர் பாருங்கக்கா."

"இன்னிக்கு கொழந்தைங்களுக்குத்தாம்மா. அவங்களுக்கு இன்னா, நல்லாத்தான கீறாங்க?"

"எங்கம்மாவும் நல்லாத்தான் இருந்தாங்க."

உன் சீட்டை மேசையில் வைத்தேன். மானத்தை வாங்காதே என்று சித்தி என் துப்பட்டாவை இழுத்தாள். நர்ஸ் படித்தார். சித்தியின் கையில் பட்டையைக் கட்டினார். அதிகமாக இருந்தது. இன்னொரு முறை பார்த்தார், அப்போதும் அப்படியே. அன்றே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வரிசையில் நின்ற ஒரு அக்கா, தனக்கும் இருந்தது என்று கையை நீட்டினார்.

இப்போது குழம்பில் உப்பில்லை என்று சித்தி திட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள். திட்டட்டும்.

அந்தச் சீட்டை இனி மடிக்க மாட்டேன், அம்மா. பாப்பாவின் ஊசிகளெல்லாம் முடிந்த பிறகும் சித்தியை வருடாவருடம் கூட்டிப்போவேன். வர மாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போவேன்.

சோடா வாங்கி வந்த
உன் மூத்தவள்