மூன்று முறை கூப்பிட்ட பெயர்

ஹாலிஎல,
ஏப்ரல், இரண்டாம் ஞாயிறு.

அன்புள்ள மகன் ஜெசிந்தனுக்கு,

உன் படத்திலிருந்து உன் அம்மாவை எடுத்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் ஒரு கேமராவை வைத்துவிட்டாய். இது நீ செய்த பிழை. இதை எழுதிய பிறகுதான் சுகம் விசாரிப்பது என்றிருந்தேன். எழுதிவிட்டேன்.

நான் சுகம். நீ, மருமகள் நிலக்ஷனா, பேத்தி எல்லோரும் சுகமாக இருக்க அந்தோனியாரை வேண்டுகிறேன். உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று நீயே தனியாக எழுது. போனில் கேட்டால் அவள் "நல்லாயிருக்குங்க" என்பாள். அவள் எதற்கும் அதைத்தான் சொல்வாள்.

படத்தைப் பதுளையில் கூட்டாளி ஸலீம் வீட்டு மேல்மாடியில் பார்த்தோம். அவன் மகன் ஷாமில் போன் கடையிலிருந்து மெஷினைக் கொண்டுவந்து சுவரில் காட்டினான். நம் பழைய தேயிலைத் தோட்டத்து ஆட்களும் வந்திருந்தார்கள். ஸலீம் மனைவி ஜெனீரா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தாள். "கதை: தேவதாசன்" என்று என் பெயர் வந்தபோது கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. முடிவைப் பார்த்த பிறகு தட்டலாம் என்று இருந்தேன்.

நல்லதைச் சொல்லாமல் விடமாட்டேன். கோயில் சுவாமியார் சொன்ன பழைய லண்டன் கோர்ட்டுக் கதையை நான் தோட்டத்துக்கு மாற்றினேன். நீ அதை நீ இருக்கிற டொரன்டோவுக்கு மாற்றினாய். என் நாடகத்தில் கொலையான துரை, உன் படத்தில் ரெஸ்டூரண்ட் முதலாளி. பழி விழுந்த பங்களாச் சமையல்காரன் அங்கேயும் சமையல்காரன்தான். கொலை செய்தது கணக்கு எழுதுகிறவன் என்பதைக் கடைசி வரை நன்றாக மறைத்திருந்தாய். அந்தச் சமையல்காரப் பையன் கூண்டில் நின்று "நான் செய்யேல்லை ஐயா" என்று அழுதபோது நானும் மூக்கைச் சிந்தினேன். யாழ்ப்பாணத்துப் பேச்சானாலும் அழுகை அழுகைதானே.

பிறகுதான் கடைசிச் சாட்சியைக் கூப்பிட்டார்கள். அவள் பெயரை மட்டும் நீ மாற்றவில்லை, உன் அம்மா பெயரேதான். "றீட்டா" என்று ஒருமுறை. யாரும் வரவில்லை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

ஸலீம் வீட்டு மாடியில் இருந்த அத்தனை பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், மகனே. படம் சுவரில் முன்னால் ஓடுகிறது. எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே செருப்புகள்தான் கிடந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன் என்று ஸலீம் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். பொய். கால் மரத்துப்போனதால் நீட்டினேன்.

நாங்கள் திரும்பி முடிப்பதற்குள் உன் வக்கீல் மடிக்கணினியைத் திறந்து, சுவர்க் கேமராவில் பதிந்ததைக் காட்டினான். கணக்கு எழுதுகிறவன் பின்வாசலால் வருகிறான், கை கழுவுகிறான். தீர்ப்பு. முடிந்தது. அந்தக் காலத்தில் நம் நாடகத்தில் நீதவானாக உட்கார்ந்த ஸலீம் என்னைப் பார்த்து, "என்ன தாசன், உன்ட மகன் எனக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டானே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் நீ சொன்ன நியாயம் நினைவிருக்கிறது. "இப்ப யாருப்பா சாட்சிய நம்புறாங்க, கேமராவத்தான் நம்புறாங்க" என்றாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஸலீமுடைய வாப்பாவின் கடையில் சாமான் சுற்றித் தந்த பேப்பரை நிமிர்த்தி வைத்துப் படித்துத்தான் நாடகம் எழுதப் பழகினேன். ஆனாலும் இதில் உன்னிடம் தோற்கமாட்டேன். கேமராவுக்கு இழக்க என்ன இருக்கிறது? நம் சாட்சி, பங்களாத் தோப்பில் களவாக விறகு பொறுக்கப் போன, தேயிலை பறிக்கிற கொழுந்துக்காரி. வாயைத் திறந்தால் வேலையும் போகும், குடியிருக்கிற லயக் காம்பராவும் போகும். அது தெரிந்தும் எழுந்து வருகிறாள். அவள் எழுந்திருப்பதுதான் நாடகம். கொலை அதற்கு ஒரு சாக்கு.

அவள் எப்படி வந்தாள் என்பது உனக்குத் தெரியாது. நீ பிறக்கவில்லை. முதல் முறை அந்தோனியார் திருவிழாவுக்குப் பெரட்டுக் களத்தில் போட்டோம். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற அதே களம். கோர்ட்டில் பெயர் கூப்பிடும் சேவகன் நான். சாட்சியாக நடிக்க வேண்டிய பெண் பயந்துபோய்க் காம்பராவைப் பூட்டிக்கொண்டாள். களம் நிறையச் சனம். நான் நாடகத்துப் பெயரை விட்டுவிட்டு "றீட்டா" என்று கூப்பிட்டேன். சனம் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாம் முறை, பின்னால் பெண்கள் கூட்டத்திலிருந்து, வேலைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அவள் எழுந்தாள். பெரட்டில் பெயர் கூப்பிட்டுப் பதில் சொல்லாவிட்டால் அன்றைக்குப் பெயர் விழாது, வேலை இல்லை. அந்தப் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். நடந்து வந்து என் முன்னால் நின்று, "என்னாங்க, பேரு கூப்பிட்டா எந்திரிச்சுத்தானே ஆகணும்" என்றாள். களமே அதிர்ந்தது. ஸலீம் மெதுவாகக் கேள்வி கேட்கக் கேட்க அவள் சாட்சியம் சொன்னாள். ஒத்திகைகளை ஓரமாக நின்று பார்த்தே வசனம் எல்லாம் பாடமாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் அந்த வேஷம் அவளுக்குத்தான், அவள் சொந்தப் பெயரிலேயே. கல்யாணம் முடிந்தும், நீ வயிற்றில் இருந்தபோதும், பின்னாலிருந்துதான் எழுந்து வந்தாள். நான் வாய் தவறி அந்தப் பெயரைக் கூப்பிட்டேன் என்று ஸலீம் இன்றைக்கும் கேலி செய்கிறான். தவறவில்லை. இதை நான் அவளிடமும் சொன்னதில்லை.

இங்கே மாலையில் இடியோடு மழை. மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் சரியும் என்று பலகை நட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக்குப் பயமில்லை. அடுப்படியில் ஒரு தகரம் ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன். உன் அம்மா வைத்த கறிவேப்பிலை கூரையைத் தொட்டுவிட்டது. அவள் வந்து பார்த்து வெட்டட்டும் என்று விட்டிருக்கிறேன்.

பேத்தி பிறந்த நேரத்துக்குத் துணையாக மூன்று மாதம் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிப்போனாய். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நிலக்ஷனாவுக்கு இரவு வேலை, உனக்குப் படவேலை, அம்மா இல்லாமல் ஏலாது என்கிறாய். தெரிகிறது. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. என்னையும் அங்கே வரச் சொல்கிறாய். வரமாட்டேன். இதை எத்தனை முறை கேட்டாலும் பதில் அதுதான். போனில் முகம் பார்த்துப் பேசுங்கள் என்று ஷாமில் காட்டித் தந்தான். பேசினேன். உன் அம்மாவின் நெற்றி தெரிந்தது, பாதிக் கண் தெரிந்தது. முழுதாகத் தெரிந்தது உங்கள் ஃப்ரிஜ்தான். "சாப்டீங்களா" என்றாள். அதோடு படம் நின்றுவிட்டது. நான் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கேமராவை நம்பச் சொல்கிறவன் நீ.

கடைசியாக ஒன்று. போன கிழமை பேத்தி போனை எடுத்தாள். படம் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பார்த்தோம் தாத்தா, டிவில பேரு கூப்பிட்டாங்க, அப்பாயி டக்குனு எந்திரிச்சு நின்னாங்க. பிறகு அடுப்படிக்குப் போயிட்டாங்க" என்றாள். உனக்கு இது தெரியுமா? நீ பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்? எனக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆகவே, ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழாவுக்கு ஹாலிஎல கோயில் மண்டபத்தில் உன் படத்தைப் போடுகிறோம். சுவாமியார் சம்மதித்துவிட்டார். இனி நடக்க வேண்டியது:

ஷாமில், சாட்சியைக் கூப்பிடும் இடம் வந்ததும் படத்தை நிறுத்த வேண்டும். சொல்லிவிட்டேன்.

ஸலீம் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு முன்னால் உட்கார வேண்டும். மூச்சு வாங்குகிறது என்கிறான். உட்காருவதற்கு என்ன மூச்சு?

நிலக்ஷனா பகல் வேலைக்கு மாறக் கேட்க வேண்டும். அவள் கேட்டால் கொடுப்பார்கள்.

பேத்திக்கு அவள் அப்பாயி எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்று நீ உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பிள்ளையை ஏமாற்றாதே.

டிக்கெட் நீ போட வேண்டும். அங்கே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போடுவதா என்று உன் அம்மாவிடம் கேள். எனக்காகக் கேட்காதே. அவள் முகத்தைப் பார்த்துக் கேள்.

பெயர் கூப்பிடுவது நான். குரல் இன்னும் இருக்கிறது. மூன்று முறைதான் கூப்பிடுவேன்.

உன் அம்மா செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பின்வரிசையில், பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தால் போதும்.

எல்லோருக்கும் என் ஆசி.

அப்பா,
தேவதாசன்