யாரும் வாங்காத கார்

12-5-2003, திங்கள்

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் விஜயராகவன் சார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை நாளில் ஒரு எஞ்சினீயர் என்னைக் "கொம்பையா" என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மற்ற நாளெல்லாம் நான் "டோர் லெஃப்ட்". லைனில் இடது பக்கக் கதவு மாட்டுகிறவனுக்கு அதுதான் பேர்.

கம்பெனி ஒரு சூப்பர்கார் செய்யப்போகிறதாம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், இரண்டே பேர்தான் உட்காரலாம், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். தனி ஷெட்டில், கையாலேயே செய்ய எட்டுப் பேரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். கதவுக்கு நான். "கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற சந்து மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே சீரா வரணும். அது உன் கையிலதான் இருக்கு" என்றார்.

சந்தோஷத்தில் சாம்பார் சாதத்தில் மோரை ஊற்றிவிட்டேன். ஊர்க்காரன், லைனிலும் என்னோடு நிற்கிற உச்சிமாகாளி பார்த்துச் சிரித்தான். அதையும் அப்படியே தின்றேன்.

13-5-2003

வீட்டில் மாரிசெல்விக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமல் பாத்திரம் கழுவினாள். அவள் சொல்லாவிட்டால் பாத்திரம் சொல்லும்.

அவள் பயம் எனக்குத் தெரியாததா? என் பயிற்சிக் காலம் இந்த மார்கழியோடு முடிகிறது. நிரந்தரம் ஆக்குவது லைன் லைனாகத்தான். லைன் சூப்பர்வைசர் பழனிவேல் யாரைச் சொல்கிறாரோ அவனுக்கு வேலை. நானும் உச்சிமாகாளியும் அவர் மனதில் இருக்கிறோம் என்று லைன் முழுக்கப் பேச்சு. லைனை விட்டுப் போனால் அந்தப் பேச்சும் போய்விடும்.

இன்னொன்று. இவளுக்கு மூன்று மாதம். தலைப்பிரசவம் கோவில்பட்டியில், அவள் அம்மா வீட்டில். அதற்கு என்னிடம் சம்மதம் கேட்டபோதே மாமா ஐயனார் சொல்லிவிட்டார் - வேலை நிரந்தரம் ஆனால்தான் தாயையும் பிள்ளையையும் இங்கே அனுப்புவாராம். மூத்த மகள் காந்திமதியின் வீட்டுக்காரர் இப்படித்தான் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்து, ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டார்; இரண்டு பேரும் கைப்பிள்ளையோடு ஊர் ஊராக அலைந்தார்கள். அதைப் பார்த்த மனுஷன். அவரைக் குறை சொல்ல முடியாது.

"எத்தனை காரு செய்வீங்க?" என்று கேட்டாள்.

"இப்ப ஒண்ணு. டெல்லி கண்காட்சிக்கு. பெறகு வருசத்துக்கு முப்பது."

"அந்தப் பெறகு எப்பம் வரும்?"

விஜயராகவன் சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

16-5-2003

கேட்டேன். "ஒருவேளை திட்டம் நின்னு போனா எல்லாரும் திரும்ப லைனுக்குப் போயிடலாம், கொம்பையா. என் வார்த்தை" என்றார். நல்ல மனுஷன். கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்.

பழனிவேல் வேறு மாதிரி சொன்னார். "போறதுன்னா போ. உன் எடத்துல வேற ஆளப் போட்டுடுவேன். பின்னால என்னாண்ட வந்து நிக்காத."

வீட்டுக்கார ஜெயலட்சுமியக்கா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் விசாரித்தாள். "அந்த வெலைக்கு யாரும் வாங்க மாட்டாங்க, அப்பறம் இன்னாத்துக்குப்பா அத்த செய்றானுங்க? துட்டு கொழுப்பா கீது அவனுங்களுக்கு." எங்கள் வடக்குப்பட்டு முழுக்க இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

18-7-2003

இன்றைக்குத்தான் புரிந்தது, இந்தக் காரைக் கம்பெனியிலேயே பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை என்று. கணக்குப் பிரிவு மேனேஜர் கோதண்டராமன் சென்னை ஆபீஸிலிருந்து வந்திருந்தார். காருக்கு அந்தப் பக்கம் நின்று விஜயராகவன் சாரோடு ஒரே வாக்குவாதம். நான் கதவின் கீலை முடுக்கிக்கொண்டு குனிந்திருந்தேன். எங்களைப் போன்றவர்கள் குனிந்திருந்தால் அவர்களுக்கு ஆளே தெரியாது.

கோதண்டராமன் சொன்னார்: "நம்ம லைன்ல செய்யற செடான் காரை வாங்கினவன் மழையில வைப்பர் நின்னு போச்சுன்னு திட்டறான். மதுரையில ஒரு சர்வீஸ் சென்டர் கிடையாது. அதைச் சரி பண்ணினா பேர் தானா வரும். காலையில சாவியைத் திருப்பினா கிளம்பற கார்தான் சார் பெரிய கார்."

விஜயராகவன் சார் சொன்னார்: "வைப்பர் நன்னா ஓடறதுங்கறதுக்காக எவனாவது ஒரு காரைக் கனவுல பார்ப்பானா? நகைக்கடை வாசல்ல ஒரு பெரிய ஆரம் மாட்டி வெச்சிருக்கான். அதை யாரும் வாங்கறதில்லை. ஆனா அதைப் பார்த்துத்தான் உள்ள வரா. வந்து ஆளுக்கு ஒரு மோதிரம் வாங்கிண்டு போறா. நம்ம செடான்தான் அந்த மோதிரம்."

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. என்ன செய்வது? நான் கோதண்டராமன் ஜெயிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் ஜெயித்தால் என் பிள்ளை கோவில்பட்டியிலேயே வளரும்.

31-8-2003

மாரிசெல்விக்கு வளைகாப்பு முடிந்தது. மாமா வந்து அழைத்துப் போனார். தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள், அத்தனை வளையலும் சத்தம் போட்டது. மாமா, "மார்கழிக்குள்ள நல்ல சேதி சொல்லுங்க மாப்ள" என்றார்.

அறை பெரிதாகிவிட்டது. இவ்வளவு சின்ன அறை எப்படிப் பெரிதாகும்?

11-9-2003

கதவு உட்கார்ந்துவிட்டது! மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. சாத்தும்போது சத்தமே இல்லை. விஜயராகவன் சார் கதவைத் திறந்து திறந்து மூடினார், சின்னப்பிள்ளை மாதிரி. வெள்ளைப் பெயின்ட், முத்துப் போல மினுங்குகிறது. பிறகு நாங்கள் எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு தடவை மூடிப் பார்த்தோம்.

இந்தக் கார் வேண்டுமா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கு நான் சொல்வது நியாயமாக இருக்காது.

4-10-2003, ஆயுத பூஜை

ஊருக்குப் போய்வந்த உச்சிமாகாளியிடம் மாரிசெல்வி மாரியம்மன் கோவில் குங்குமம் கொடுத்தனுப்பியிருந்தாள். "காருக்கு வைக்கச் சொன்னாடே" என்றான். காரே வேண்டாம் என்று பாத்திரத்தை உருட்டியவள்!

ஷெட்டில் பூஜை செய்யச் சொல்லி என்னைத்தான் நிறுத்தினார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பானெட்டில் சந்தனம் குழைத்துப் பெரிதாக மூன்று பொட்டு, மேலே அந்தக் குங்குமம். வெள்ளைக் காரில் சிவப்பு, பார்க்க அம்மனே வந்த மாதிரி இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். விஜயராகவன் சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாளைக்கும் லீவு. பொட்டைத் துடைக்காமல் விட்டுவிட்டு வந்தோம். பூஜை முடிந்த கையோடு துடைப்பது நல்லதல்ல என்று நான்தான் சொன்னேன்.

6-10-2003

போகவில்லை. கறை போகவில்லை. தண்ணீர், சோப்பு, மெழுகு - எதற்கும் போகவில்லை.

லைனில் வருஷா வருஷம் இதேபோலத்தான் பொட்டு வைப்போம். ஈரத்துணியால் ஒரு இழுப்பு, போய்விடும். லைன் காரெல்லாம் பெயின்ட் அடித்ததும் அடுப்புக்குள் போய் வெந்து வெளியே வரும், அதில் எதுவும் ஊறாது. இந்தக் காருக்குக் கையால் அடித்துக் காற்றில் காயவிட்டிருந்தார்கள். பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்குமாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் கதவுக்காரன். பெயின்ட் அடித்தவர் அன்றைக்கு லீவு.

பத்து மணிக்குக் காரைப் பார்க்கக் கம்பெனியின் வெளிநாட்டுப் பெரியவர்கள் வந்தார்கள். பானெட்டில் ரோஜா நிறத்தில் மூன்று வட்டம். ஒருவர் குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். விஜயராகவன் சார் முகம் வெளுத்துப்போய் பதில் சொன்னார். இங்கிலீஷ் புரியவில்லை, என் பக்கம் மட்டும் அவர் பார்க்கவே இல்லை என்பது புரிந்தது.

9-10-2003

விசாரணை. "யாரைக் கேட்டு வெச்ச?" என்றார் பெர்சனல் ஆபீஸர்.

யாரைக் கேட்பது? சாமிக்குப் பொட்டு வைக்க யாரிடம் கேட்பார்கள்? கை தட்டினவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. விஜயராகவன் சார் மட்டும், "நானும்தான் சார் அங்க இருந்தேன்" என்றார். அதை அவர்கள் காதில் வாங்கவில்லை. என் பேருக்கு நேரே ஒரு குறிப்பு விழுந்துவிட்டது. பானெட்டுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கிறார்கள்.

மாரிசெல்வி போனில் கேட்டாள், "குங்குமம் வச்சீங்களா?"

"வச்சேன், செல்வி. நல்லா இருந்துச்சு."

21-11-2003

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். நாச்சியார் என்று பேர் வைக்கலாம் என்கிறாள். வைக்கட்டும், வைக்கட்டும். ஷெட்டில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

2-1-2004

மார்கழி பாதி போய்விட்டது. லைனில் பதினோரு பேரை நிரந்தரம் செய்தார்கள். உச்சிமாகாளிக்கு ஆகிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன்தான் அழுதான். "நீ இங்கன இருந்திருந்தா ஒனக்குத்தாம்ல மொதல்ல." ஷெட்டில் இருப்பவர்களுக்குக் கண்காட்சி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமாவிடம் இன்னும் கொஞ்ச நாள் என்றேன். "சரி மாப்ள" என்றார். அந்தச் "சரி" பெரிதாக இருந்தது.

19-1-2004

டெல்லியில் காரைச் சுற்றிக் கூட்டம் தாங்கவில்லையாம். கயிறு கட்டி நிறுத்தினார்களாம். பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. என் கதவு திறந்தபடி இருக்கிறது. டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இனி வருஷத்துக்கு முப்பது. மாரிசெல்வி கேட்ட அந்தப் பிறகு வந்துவிட்டது.

8-3-2004

ஷெட்டை மூடுகிறார்கள்.

இப்படித்தான் சொன்னார்கள் - கார் பிரமாதம், எல்லாருக்கும் நன்றி, ஆனால் இன்னொன்று செய்யப்போவதில்லை. இந்த ஒன்றே ஊர் ஊராக ஷோரூமுக்குப் போய் நிற்கும். அது போதும்.

நிரந்தரமாக இருந்த ஐந்து பேரும் பழைய இடத்துக்குப் போனார்கள். பயிற்சியில் இருந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேருக்கு லைனில் இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். எனக்கு இல்லை. அந்தக் குறிப்பு.

பழனிவேலிடம் போய் நின்றேன். போகக் கூடாது என்று கால் சொன்னது, போனேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ இல்லாம லெஃப்ட் டோரு எனக்கும் கஷ்டமாத்தாம்பா கீது. பேர்ல ரிமார்க் வந்துட்சே. நான் இன்னா பண்றது?" என்றார்.

விஜயராகவன் சாரைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். கேட் அருகே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வார்த்தை குடுத்தேன், கொம்பையா" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

14-3-2004

போன் பேசினேன். ஷெட் வேலை முடிந்தது, மறுபடி லைனுக்கே வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் அதுதான் வந்தது. அவள் குங்குமத்தால் வந்தது என்று எப்படிச் சொல்வது? பச்சை உடம்புக்காரி.

5-4-2004

சுங்குவார்சத்திரத்தில் ஒரு பேக்கிங் கம்பெனி. அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை, கான்ட்ராக்ட். காலையில் போய்ச் சாயங்காலம் வருவது. பெட்டியின் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே சந்து வந்தால் கை தானாகச் சரிசெய்யப் போகிறது. கங்காணி, "இன்னாய்யா தடவிகினு இருக்க, சீக்கிரம் போடு" என்கிறான்.

22-8-2004

உச்சிமாகாளி வந்திருந்தான். கை நிறைய ஓவர்டைம், தூங்க நேரமில்லையாம். அந்த வெள்ளைக் கார் ஒரு ஷோரூமில் வந்து நிற்கிற வாரமெல்லாம் அங்கே திருவிழாக் கூட்டமாம். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். போகிற போக்கில் செடான் புக் செய்துவிட்டுப் போகிறார்களாம். "கோதண்டராமன் சாரே மீட்டிங்ல ஒத்துக்கிட்டாராம்ல. அந்தக் காரு இல்லன்னா கம்பெனியே இல்லங்காராம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே. வயிறு எரிந்திருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

13-9-2004

கேட்டுக்கு வெளியே நீளமாக வரிசை. செடானுக்கு ஆர்டர் குவிந்துவிட்டதால் லைனுக்கு இருநூறு பேர் எடுக்கிறார்கள். நானும் போய் நின்றேன். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓரமாகக் கூப்பிட்டார். "இப்பதான் படிச்சு முடிச்ச பசங்கள மட்டும்தான் எடுக்கறாங்க தம்பி. வெயில்ல நிக்காத, போ."

19-9-2004, ஞாயிறு

பூத்தில் போய் போன் போட்டேன். மாமா எடுத்தார்.

"பேப்பர்ல பாத்தேன் மாப்ள. ஒங்க காரு அமோகமா ஓடுதாம்லா. ஆளு வேற எடுக்காங்களாம். அப்பம் ஒங்களுக்கு நிரந்தர ஆர்டர் வந்திருக்கணுமே?"

மீட்டரில் ஓடுகிற காசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறியது. மாரிசெல்வி.

"சொல்ல வேண்டாங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"லைனுக்குத் திரும்பிட்டேன்னு சொன்னீங்க. லைன்ல வாரத்துக்கு ஒரு ஷிப்டு. நான் ஒங்ககூட இருந்தவதான? சாயங்கால ஷிப்டுன்னா ராத்திரி எட்டு மணிக்கு ஒங்களால எப்படிப் பேச முடியும்? ஆறு மாசமா வெளக்கு வச்ச பெறகுதான் போன் போடுதீங்க. ஒரு வாரங்கூட மாறல."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அழுதுவிட்டேன். பூத்துக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். குங்குமத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அவளே கேட்டாள். "அந்தக் காரு வேணும்னு நின்னீங்களே. வேணுந்தானா?"

"கம்பெனிக்கு வேணுந்தான், செல்வி. ஒண்ணு மட்டும்."

பிறகு, "பிள்ள பிடிச்சுப் பிடிச்சு நடக்கா. இங்கன வந்துருங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

அவர்களை அழைத்து வரப் போக வேண்டிய ஊருக்கு, இருப்பதற்குப் போகிறேன்.

22-9-2004

வீட்டைக் காலி செய்கிறேன் என்று ஜெயலட்சுமியக்காவிடம் சொன்னேன். "நல்லபடியா போய்ட்டு வாப்பா" என்றாள். பிறகு, வீடு சும்மா கிடக்காது, நான் ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்றாள். "உன் கம்பெனிதான். புச்சா சேந்த பசங்க ரெண்டு பேரு, உங்க ஊர்ப் பக்கம். நாளிக்கே வரேன்றானுங்க."

தண்ணீர் காலையில் ஆறு மணிக்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னேன்.